துளையிடுமுன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ‘ரென்பின் போலிங்’ என வழங்கும் பந்துருட்டல் ஆட்டத்தைத் தூரத்தே நின்று காண்போர்க்கு, அதில் அறிவுக்கு வேலையுண்டென்றே தோன்றாது. பாரமான பந்தொன்று; வழுவழுப்பான நெடுந்தளம்; அதன் கோடியிற் பத்துக் கட்டைகள். உருட்டினால் விழும், விழாதவற்றுக்கு இன்னொரு முறை உருட்டலாம். வலிமை உடையவன் வெல்வான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கணக்கு வேறுவிதமாகப் பேசுகிறது. உருட்டுங் கோட்டிலிருந்து முதற்கட்டை வரை 60 அடி. தளத்தின் அகலமோ ஏறத்தாழ 41½ அங்குலந்தான். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நேராகச் செல்லும் பந்து இரண்டு பாகைச் சரிவைத்தானும் பெறாது. ஆனால், பத்தும் ஒருங்கே சாய்வதற்கு, வலக்கையாளனின் பந்து முதலாங் கட்டைக்கும் மூன்றாங் கட்டைக்கும் இடையே நாலு முதல் ஆறு பாகை வரையிற் சரிந்து நுழைதல் நன்று. நேர்வழி போதாது, பந்து வளைந்தே ஆகவேண்டும். தளத்தின் முற்பகுதியிலே எண்ணெய் பூசப்பட்டிருக்கும். கோடிப் பகுதி உலர்ந்திருக்கும். எண்ணெயில் வழுக்கிச் சென்று, உலர்ந்த இடத்திற் பிடிப்புக்கொண்டு திரும்புவதே நல்ல பந்தின் இயல்பு. எங்கே திரும்பும், எவ்வளவு திரும்பும் என்பன கையில் மட்டும் தங்கியவை அல்ல.

இங்கேதான் துளையிடுவோன் வருகிறான். இக்காலப் பந்து ஒரே சீரான உருண்டை அன்று. அதன் வயிற்றுள்ளே விசித்திர வடிவங்கொண்ட கனத்த கரு ஒன்று புதைந்திருக்கிறது. அக்கருவின் தலை எத்திசையில் உள்ளதென்பதை மேற்பரப்பிலே ஒரு சிறு வண்ணப்புள்ளி காட்டும். ஆட்டக்காரன் பந்தை விடுகையில் அது எந்த அச்சைப் பற்றிச் சுழல்கிறதோ, அவ்வச்சின் முனை அவனுக்கே உரியது. ஒருவனுடையது மற்றவனுக்குப் பொருந்தாது. அம்முனைக்கும் வண்ணப்புள்ளிக்கும் இடையேயுள்ள தூரமே துளையிடுவோன் முதலில் நிச்சயிக்க வேண்டியது. பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம்; அதன் காற்பங்கு 6¾. புள்ளி முனையின்மீதே விழுந்தாலும், 6¾ அங்குலம் விலகி நின்றாலும், சுழல் அச்சு பெரிதாக அசைவதில்லை. இரண்டுக்கும் நடுவே, 3⅜ அங்குலத்தில் நின்றால், அசைவு உச்சமாகும். அச்சு அசைய அசைய, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப்பரப்பு தளத்தைத் தொடும், பிடிப்பு மிகும். கைவிரல்களின் இடைவெளி மாறுவதில்லை. பிடி முழுவதையும் பந்தின்மீது எங்கே திருப்பி வைப்பது என்பதே வினா.

அவ்வினாவுக்கு ஒரு முறைதான் விடையெழுதலாம். துளையைப் பிசின் ஊற்றி அடைத்து வேறிடத்தில் மீளத் துளைக்க வழியுண்டு. அதற்குக் காசும் வேண்டும், மனமும் வேண்டும். முன்னர் இன்னொரு வழியும் இருந்தது. விரல் புகாத மேலதிகத் துளையொன்றைப் போட்டுப் பந்தின் குணத்தை ஓரளவு திருத்திக்கொள்வார்கள். 2020 ஆகஸ்ட் முதலாந் திகதியுடன் அமெரிக்கப் பந்துருட்டற் பேரவை அதனைத் தடுத்துவிட்டது. விதி எளிமையாயிற்று, தவறான தெரிவுக்கு இருந்த பரிகாரமொன்றும் போயிற்று.

ஆயினும், துளையின் அமைப்பைப் பற்றி நிகழும் வாதங்களிற் பாதியளவுதானும் மேற்பரப்பைப் பற்றி நிகழ்வதில்லை என்பது வியப்பே. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே அதே பேரவை நடத்திய ஆய்வு, பந்தின் போக்கை நிர்ணயிப்பனவற்றுள் மேற்பரப்பின் சொரசொரப்பை முன்னணியில் வைத்தது. 500 இலக்க அரத்தாளால் தேய்த்த பந்து எண்ணெயையும் ஊடறுத்துத் தளத்தை முற்கூட்டியே பற்றும்; பற்றுகையில் விசையையும் செலவழிக்கும். 4000 இலக்கத்தால் தேய்த்து மெருகிட்டது நெடுந்தூரம் வழுக்கிச் சென்று, கடைசியிற் சடுதியாகத் திரும்பும். பளபளப்பான பந்தே வல்லமை மிக்கதென்று கடைக்கு வருவோர் எண்ணுவது கண்ணின் மயக்கம். எண்ணெய் மிகுந்த தளத்திலே அது திரும்பாமலே போய்விடவுங் கூடும்.

மேற்பரப்பின் வலிமையை ஆய்வுக்கு வெகுகாலம் முன்னரே கண்டவர் டொன் மக்கியூன். வன்றப்பரை விலக்கிப் பொலியெஸ்தர் பந்துகள் பரவிய காலம் அது. அவர் தம் பந்தை மெதைல் எதைல் கீற்றோன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, அதன் தோலை மென்மையாக்கினார். 1973இல் ஆறு பட்டங்கள் அவர் வசமாயின. அவ்வாண்டின் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரராகவும் தெரிவானார். அந்நேரம் அதைத் தடுக்கும் விதி எதுவும் இருக்கவில்லை. பிறரும் வாளிகளில் ஊறவைக்கத் தொடங்கினர். எளிதில் தீப்பற்றும் திரவம் அது என்பதையும் பொருட்படுத்தவில்லை. பின்னரே பந்தின் வன்மைக்குக் கீழெல்லை வந்தது. அவர் செய்தது சூழ்ச்சியா, நுண்ணறிவா? விதியில்லாத இடத்தில் விதியை மீறியவர் எவருமில்லை. எனினும், கரைப்பானில் தோய்ந்த பந்துக்கு எதிரே சாதாரணப் பந்துடன் நின்றவனின் மனக்குறையும் பொய்யன்று. 1980களில் யூறிதேனும் 1990களில் பிசின் கலந்த புதுத் தோலும் வந்தபோது, வாளி செய்த வேலையைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது. அதனைச் சூழ்ச்சி என்றவர் சிலரே.

இதனால் நலிந்தவன், வாரத்தில் ஒரு மாலை வேலைத்தலத் தோழருடன் ஆடும் தொழிலாளி. தொழில்முறை ஆட்டக்காரன் ஆறேழு பந்துகளைப் பையில் வைத்திருப்பான். தளத்துக்கேற்ப ஒன்றை எடுப்பான். இவனிடம் இருப்பது ஒன்று. அதற்கு அதியுச்ச அசைவு தரும் துளையைச் சிபாரிசு செய்யும் கடைக்காரன், பந்தை விற்கிறானேயன்றி ஆட்டத்தைக் கருதவில்லை. ஒற்றைப் பந்துக்காரனுக்கு இடைநிலையான அமைப்பே தகும். துளை மாறாது நிற்க, தோலை அவன் மாற்றிக்கொள்ளலாம். அரத்தாளின் விலை சொற்பம். அவன் மாற்றாவிட்டாலும் அது தானாகவே மாறும். சில பத்து ஆட்டங்களுக்குள் தளமே அதைத் தேய்த்து மினுக்கிவிடும். முன்போல் வளையவில்லையே என்று தன் கையை நொந்துகொள்வோர் பலர்.

இதற்கும் நேர வரையறை உண்டு. போட்டி தொடங்குமுன் எவ்வளவும் தேய்க்கலாம். தொடங்கியபின் துடைக்கலாமேயன்றித் தேய்க்கலாகாது. தளத்தின் எண்ணெயோ முதற்பந்து உருண்டதிலிருந்தே இடம் பெயரத் தொடங்கும். மூன்றாம் ஆட்டத்தில் அவன் நிற்பது முதலாம் ஆட்டத்துத் தளத்தில் அன்று. அப்போது அவன் மாற்றக்கூடியவை தன் கால் நிற்கும் இடமும், வேகமும், மணிக்கட்டின் திருப்பமுமே.