பாதிக் குறை

எங்க கம்பம் பள்ளத்தாக்கில் இளையராஜாவைக் குறை சொல்லிவிட்டு டீக்கடையில் கடன் சொல்ல முடியாது. பண்ணைப்புரம் எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். அதனால் அவருடைய ஒவ்வொரு மெட்டிலும் ஆளுக்கு அரை சென்ட் பட்டா உண்டு என்கிற நினைப்பு எங்களுக்கு!

1988-ல் 'நத்திங் பட் விண்ட்' கேசட் வந்தது. சினிமாப் பாட்டு கிடையாது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் ராஜாவின் வாத்தியக் கோஷ்டியும்தான். ஆபீஸில் பக்கத்து சீட் நண்பரிடம் பெருமையாகக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தவர், "குழல் தேன் சார். ஆனா பாவம், வயலின் கூட்டத்துல மாட்டிக்கிட்டு முழிக்குது" என்றார்.

அவ்வளவுதான். மூணு மாசம் பேச்சு வார்த்தை கட். ஸ்டேப்ளர்கூட பியூன் மூலமாகத்தான் போய் வந்தது. அப்புறம் ராசியானோம், ராஜா பேச்சை மட்டும் இருவருமே எடுப்பதில்லை.

போன ஆடியில், தேனியிலிருந்து ஊருக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் மறுபடி கேட்டேன். வீரபாண்டி தாண்டியதும் மலைக்காற்று தென்னை மட்டைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. சௌராசியா தனியாக ஊதும் இடங்களில் எது குழல், எது காற்று என்றே தெரியவில்லை.

ஆனால் 'மொசார்ட் ஐ லவ் யூ'? மேல்நாட்டு வயலின்களும் நம்மூர்க் குழலும் பெண் பார்க்க வந்த சம்பந்திகள் மாதிரி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்கின்றன. மரியாதை இருக்கு, நெருக்கம் இல்லை. 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்'டில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேளுங்கள். வி.எஸ்.நரசிம்மனின் வயலினுக்கு, பாக் நம்ம வீட்டுத் திண்ணையில் உரிமையோடு உட்கார்ந்து மோர் கேட்பார்!

சின்னமனூர் வருவதற்குள் ஒப்புக்கொண்டேன். நண்பர் சொன்னதில் பாதி நிஜம். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு பதினாலு வயசில் ஊர் ஊராகக் கிளம்பிய பையன், பாக் வரைக்கும் போய்விட்டார். அவருக்கு நான் முட்டுக் கொடுப்பதாவது! காதைத் திறந்து கேட்பதுதான் அவருக்கு மரியாதை.

ரிட்டயராகிவிட்ட நண்பருக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மீதிப் பாதியை நான் சொல்லிடறேன் சார். அந்தக் கேசட்டை ஒரு காப்பி எடுத்துக்கிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். டேப் தேயற வரைக்கும் கேட்டேன்!"