வான்வழிச் செலவும் மனத்தின் அச்சமும்

அச்சம் உயிர்கட்கெல்லாம் பொதுவாயுள்ளதோர் உணர்ச்சியாகும். பாம்பைக் கண்டு விலகுதலும், பெருவெள்ளத்தைக் கண்டு கரையில் நிற்றலும் அதனால் விளையும் நன்மைகளே. ஆதலின் அச்சமுடைமை இழிவென்று கூறுதல் பொருந்தாது. ஆயின், வந்த இடரைக் கண்டு அஞ்சுதல் வேறு. வாராத இடரை மனத்தில் எழுதிவைத்து, அதனையே பன்முறை நோக்கி மெலிதல் வேறு. முன்னையது உடம்பைக் காப்பது. பின்னையது உடம்பையும் உள்ளத்தையும் ஒருங்கே வருத்துவது. இப்பின்னைய அச்சம் இந்நாளில் ஆகாயவிமானம் ஏறுவார் பலரிடத்துக் காணப்படுகின்றது. விடுமுறையை இனிது கழிக்கக் கருதியவர், புறப்படும் நாளுக்குப் பத்துநாள் முன்னரே உறக்கமிழந்து வாடுகின்றனர். இதன் இயல்பும், இது தணியும் வழியும் சைவநன்மக்கள் ஆராயத்தக்கன.

மயிலாடுதுறையை அடுத்த ஓரூரில் வாழும் அம்மையார் ஒருவர், பள்ளியாசிரியையாயிருந்து ஓய்வு பெற்றவர்; நாடோறும் திருமுறை ஓதும் நியமமுடையவர். 2025 ஆம் ஆண்டுக் காலாண்டு விடுமுறையில் அவர்தம் மகனார், மனைவி மக்களோடு தாயாரையும் உடன்கொண்டு ஈழநாடு சென்று, திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் வழிபட்டு வர எண்ணினார். திருக்கேதீச்சரம் சம்பந்தர் சுந்தரர் ஆகிய இருவர் பாடலும் பெற்றது. கோணமலை சம்பந்தர் பாடல் பெற்றது. அவ்விருவரும் கடல் கடவாது இராமேச்சுரத்திலிருந்தே பாடினர் என்பது வரலாறு. நாயன்மார் இக்கரையினின்று பாடிய தலங்களை அக்கரை சென்று காணும் பேறு வாய்த்ததென்று அம்மையார் முதற்கண் பெரிதும் மகிழ்ந்தார்.

நாள் நெருங்க நெருங்க அம்மகிழ்ச்சி அச்சமாய் மாறியது. அவ்வாண்டு ஜூன் 12 ஆம் நாள் அகமதாபாதில் விமானமொன்று மேலெழுந்த சிறிது பொழுதில் வீழ்ந்து, அதிலிருந்த 242 பேரில் 241 பேர் இறந்தனர். தரையிலிருந்தோரும் சிலர் மாண்டனர். அக்கொடுங்காட்சியை அம்மையார் கைப்பேசியிற் பலகாற் கண்டிருந்தார். கண்ணை மூடினால் அதுவே தோன்றிற்று. நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது, உணவு செல்லவில்லை. முழங்கால் வலிக்கின்றது என்றார். வீட்டைப் பார்ப்பாரில்லை என்றார். நாகப்பட்டினத்தினின்று காங்கேசன்துறைக்கு 2023 ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய கப்பலிற் போகலாமே என்றார். மகனார் வற்புறுத்தவில்லை. "அம்மா வராவிட்டால் பயணத்தையே நிறுத்திவிடலாம்" என்றார்.

அன்றிரவு, ஒன்பது வயதுப் பெயர்த்தி அவரருகே வந்து படுத்து, "அப்பாயி, நாம போற பிளேன் விழுந்துடுமா?" என்று மெல்லக் கேட்டாள். அதுகாறும் விமானமென்றாற் கைகொட்டி மகிழ்ந்த குழவி அவள். அவளிடம் எவரும் அச்சத்தைச் சொல்லிக் கொடுத்தாரில்லை. பாட்டியார் முகமே அதனைக் கற்பித்தது. தம்மோடு ஒழியுமெனக் கருதிய துன்பம் ஒரு பிள்ளையின் நெஞ்சிற் குடிபுகுந்தமை கண்டு அம்மையார் நடுங்கினார். அச்சத்தை இனி எதிர்ப்பட்டே தீர்தல்வேண்டுமென்று அப்பொழுதே துணிந்தார்.

முதலில் அவர் நாடியது அறிவு. விமானப் பொறியியல் பயின்ற உறவினர் ஒருவரை அழைத்து, பெயர்த்தியையும் உடனிருத்திக்கொண்டு, தம் ஐயங்களை ஒவ்வொன்றாய் வினவினார். வானில் விமானம் குலுங்குதல் ஏன் எனின், வெப்பத்தால் மேலெழுங்காற்றும் வேகம் வேறுபட்ட காற்றோட்டங்களும் ஒன்றோடொன்று மோதுதலான் என்றார் அவர். மேடுபள்ளமான சாலையில் வண்டி ஆடுவது போன்றதே அது. இடைவாரைக் கட்டியிருப்பார்க்கு அதனால் ஊறு நேர்தல் அரிது. இறக்கைகள், பறக்குங்கால் எதிர்பார்க்கத்தக்க மிகப்பெரிய சுமையினும் ஒன்றரை மடங்கைத் தாங்குமாறு அமைத்துச் சோதிக்கப்படுகின்றன. அவை வளைதல் வலிமையே, குற்றமன்று. இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றாலும் மற்றொன்றைக்கொண்டு பறந்து இறங்கவியலும். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் இரண்டுமே நிற்பினும், விமானம் கல்லைப்போல் வீழ்வதன்று. நூறு கிலோமீட்டருக்கு மேலும் மிதந்து செல்லும். மேலெழுந்த சிறிது பொழுதில் 'கடகட' எனக் கேட்பது சக்கரங்கள் உள்ளே மடங்கும் ஒலி. அடுத்து இரைச்சல் குறைவது இயந்திரத்தின் விசையை ஓட்டுநர் வேண்டுமென்றே தணித்தலான். கீழே வீழ்வது போன்ற உணர்ச்சி அப்போது தோன்றுமேனும் விமானம் ஏறிக்கொண்டேயிருக்கும்.

எண்களையும் அவர் கூறினார். 2024 ஆம் ஆண்டில் உலகெங்கும் பறந்த விமானங்களின் செலவு 4 கோடிக்கு மேல். அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்குப்படி அவற்றுள் உயிர்ச்சேதம் விளைத்த விபத்துக்கள் ஏழு. இந்தியச் சாலைகளிலோ 2022 ஆம் ஆண்டில் மட்டும் இறந்தோர் 1,68,491 பேர்.

இவையெல்லாம் கேட்ட அம்மையார்க்கு அறிவு தெளிந்தது. நெஞ்சப் படபடப்போ முற்றும் நீங்கவில்லை. இஃது என்னையெனின், இவ்வச்சத்தின் வேர் விமானத்தில் இல்லை. 'இதனை நடத்துவது என் கையில் இல்லையே' என்னும் எண்ணத்தில் உள்ளது. மண்மேல் நடக்குங்கால் தன் உயிரைத் தானே காத்துக்கொள்வதாக மனிதன் கருதியிருக்கின்றான். அது மெய்யோ? உறங்கும்போது அவன் மூச்சை இயக்குவார் யார்? இமைப்பொழுதும் ஓயாது துடிக்கும் நெஞ்சினை அவனா துடிப்பிக்கின்றான்? கண் தன்னொளியின்றிக் கதிரொளியின் துணையாற் காண்பதுபோல, உயிர் என்றும் பிறிதொன்றைச் சார்ந்தே நிற்பது என்பது சித்தாந்தத் துணிபு. வானத்திற் செல்லுங்கால் அவ்வுண்மை வெளிப்படுகின்றது, அவ்வளவே. வெளிப்பட்ட உண்மையைக் கண்டு அஞ்சுவது, தானே தலைவன் என்றிருந்த ஆணவத்தின் கூச்சமாகும். மேலும், உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. வீழ்ச்சியின் காட்சியையே சார்ந்த நெஞ்சு வீழ்ச்சியின் வண்ணமாகும். திருவருளைச் சார்ந்த நெஞ்சு அதன் வண்ணமாகும்.

செலவுக்கு முன் அஞ்சுதல் பெரியோரிடத்தும் நிகழ்ந்தது என்பது திருத்தொண்டர் புராணத்தாற் பெறப்படும். பாண்டிமாதேவியார் அழைப்பையேற்றுத் திருமறைக்காட்டினின்றும் மதுரைக்குப் புறப்பட்ட ஆளுடைய பிள்ளையாரைத் தடுத்தவர் திருநாவுக்கரசர். நாளும் கோளும் நன்றல்ல என்றார் அவர். கல்லொடு பிணித்துக் கடலில் இட்டபோதும் அஞ்சாதவர் இங்ஙனம் அஞ்சியது தம்பொருட்டன்று. குழந்தைபால் வைத்த அன்பின்பொருட்டு. அச்சத்தின் அடியில் அன்பு கிடத்தல் உண்டு என்பது இதனாற் புலனாம். பிள்ளையார் அவ்வச்சத்தை இகழ்ந்தாரில்லை. இறைவன் உள்ளத்தில் வீற்றிருத்தலால் கோள்களும் அடியார்க்கு நல்லனவே என்று கோளறு பதிகம் பாடியருளினார். அரசரும் உடன்பட்டு விடைகொடுத்தார்.

'பதிகம் ஓதினார்க்கு விபத்து வாராதோ? அகமதாபாதில் இறந்தவர் அருளற்றவரோ?' என்று அம்மையார்க்கே ஐயம் எழுந்தது. அங்ஙனம் எவரும் உரைத்தல் தகாது, உரைப்பின் பெரும்பிழையாம். உடம்பிற்கு வருவன பிராரத்தவழி வருவன; அடியார்க்கும் நோயும் சாவும் உண்டு. திருவருள் உடம்புக்கு எழுதிக்கொடுத்த உறுதிச்சீட்டன்று. எங்கிருப்பினும் எது நேரினும் உயிர் தனித்து விடப்படுவதில்லை என்பதே அது தரும் உறுதி. வினை வந்து நுகரப்படுங்கால் உயிர்கொள்ளும் விருப்பு வெறுப்புக்களால் ஆகாமியம் ஏறுமாதலின், வாராததனையும் முன்னரே வந்ததாக நுகர்ந்து வருந்துதல் வீண்சுமையன்றோ?

இங்ஙனம் தெளிந்தபின் அம்மையார் சில ஒழுங்குகளை மேற்கொண்டார். விபத்துக் காட்சிகளைக் காண்பதை அறவே விடுத்தார். படபடப்பை மருத்துவரிடம் காட்டி, நெஞ்சில் நோயில்லை என்று தெளிந்தார். மாலைக் காப்பியை நிறுத்தினார். காலையும் மாலையும் அமர்ந்து, மூச்சை மெல்ல உள்வாங்கி, வாங்கியதினும் நெடிதாக வெளிவிட்டு, அதனோடு திருவைந்தெழுத்தை எண்ணினார். நெடுமூச்சு விடுதல் நெஞ்சின் விரைவைத் தணிக்கும் என்பது மருத்துவர் கூற்று. எண்ணுதற்குரிய பொருளைத் தருவது சமயம். இறக்கைக்கு அருகில் ஆட்டம் குறைவாதலின், அங்கே இருக்கை வேண்டினார். அச்சம் முற்றும் ஒழிந்தபின் புறப்படுவோம் என்று காத்திருக்கவில்லை. விலகுந்தோறும் அச்சம் வளரும், எதிர்ப்படுந்தோறும் தேயும் என்பதனை அறிந்திருந்தார்.

புறப்பட்ட நாளில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. திருச்சிராப்பள்ளி வரையுள்ள சாலைவழியிலேயே இடர் மிகுதி. அங்கே அம்மையார் காரில் அயர்ந்து உறங்கினார்! விமானம் எழுந்தபோது கை நடுங்கிற்று. அதனை மறைத்தாரில்லை. "அப்பாயிக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, ஆனாலும் போகலாம்" என்று பெயர்த்தியின் கையைப் பற்றினார். 'கடகட' என்னும் ஒலி கேட்டதும், "சக்கரம் உள்ளே போகுது அப்பாயி" என்று குழந்தை அவர்க்கு எடுத்துரைத்தாள். ஒருமணிப் பொழுதில் கொழும்பு வந்தது. மூன்றாம் நாள் பாலாவித் தீர்த்தத்தில் நீராடிக் கேதீச்சரநாதரைத் தொழுதபோது, வாராதிருந்தால் இழந்திருக்கக்கூடியது இன்னதென்று அம்மையார் உணர்ந்தார்.

அஞ்சாமையாவது அச்சம் தோன்றாதிருத்தலன்று. தோன்றிய அச்சத்தைத் தலைவனாக்காது, தலைவன் யாவன் என்று அறிந்து அவன்வழி நிற்றலாம். அறியத்தக்கவற்றை அறிந்தும், செய்யத்தக்கவற்றைச் செய்தும், எஞ்சியதனைத் திருவடிக்கண் வைத்தும் புறப்படுவார்க்கு மண்ணும் விண்ணும் ஒன்றே. பிள்ளைகட்குப் பெரியோர் விட்டுச்செல்லும் செல்வங்களுள் இத்தெளிவினும் சிறந்தது பிறிதில்லை.

திருச்சிற்றம்பலம்.