சரஸ்வதிக்கு ஒரு குளம், கணபதிக்கு ஒரு முள்ளங்கி

ஒசாகாவில் பணிபுரியும் மகன், தம்மைக் காண வரவிருக்கும் பெற்றோருக்காக ஒரு பயணத்தாள் தயாரித்து அனுப்பியிருந்தார். 10 நாள்கள், 26 இடங்கள். தந்தைக்கு 71 வயது. தாய்க்கு 68, வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து ஓராண்டுதான் ஆகிறது. இருவரும் கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து, கையில் பென்சிலுடன் அந்தத் தாளைப் படித்தனர்.

முதலில் அடிபட்டது தோக்கியோவின் மீன் சந்தை. "மீனைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போறதுங்க?" என்றார் அம்மையார். இராட்டினங்கள் நிறைந்த கேளிக்கைப் பூங்காக்கள் இரண்டும் அடுத்து நீங்கின. ஃபூஜி மலைக்கு ஒதுக்கியிருந்த ஒரு முழு நாளில் சிறிது தயக்கம் இருந்தது. மலை மேகத்துக்குள் மறைந்துகொண்டால் அந்த நாளே வீண். தோக்கியோவிலிருந்து கியோத்தோ செல்லும் புல்லட் ரயிலில் வலப்பக்கச் சன்னலோர இருக்கையில் அமர்ந்தால், வானம் தெளிந்திருக்கும் நாளில், முக்கால் மணி நேரப் பயணத்தில் ஃபூஜியின் தரிசனம் இருந்த இடத்திலேயே கிட்டிவிடும். ஆகவே அதுவும் நீங்கியது.

எஞ்சிய நாள்களை எதற்குக் கொடுப்பது என்பதே கேள்வி. வாழ்நாளில் ஒருமுறை செல்லும் பயணம். திரும்பச் செல்ல வயதும் இடம் தராது, பொருளும் இடம் தராது. ஜப்பான் என்றால் பௌத்த நாடு, அங்கே நமக்கு என்ன இருக்கிறது என்று எண்ணுவோர் உண்டு. பாரதத்தில் வழிபடப்பெற்ற தெய்வங்கள் பலர் பௌத்தத்தின் துணையோடு சீனம் வழியாக அந்நாட்டை அடைந்து, பெயர் மாறி, இன்றும் பூசை கொள்கின்றனர். அவர்களைத் தேடிச் செல்வது என்று முடிவு செய்தால் தாள் தானாகவே சுருங்கிவிடுகிறது.

தோக்கியோவின் உவேனோ பூங்காவில் ஷினோபாசு என்றொரு குளம். அதன் நடுத்தீவில் எண்கோண வடிவில் ஒரு கோயில். அங்கே வீற்றிருப்பவள் பென்சைத்தென், நம் கலைமகளேதான். எட்டுக் கரங்களுடன் அமைந்த திருவுருவம். ஜப்பானியர் இவள் கையில் பொதுவாகக் கொடுப்பது 'பீவா' என்ற தந்தி வாத்தியம். வீணையின் இடத்தில் அது. நதித்தெய்வமாகிய சரஸ்வதி நீர் சூழ்ந்த இடத்தையே விரும்புவாள் என்பதை அந்நாட்டவரும் மறக்கவில்லை. பென்சைத்தென் கோயில்கள் பலவும் தீவிலோ நீர்க்கரையிலோதான் அமைந்திருக்கின்றன. 1945ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் அழிந்த கோயில் 1958இல் மீண்டும் எழுந்தது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் குளம் முழுவதும் தாமரை. ஆயினும் அது கடும் புழுக்கக் காலம், மூத்தோருக்கு ஏற்றதன்று. மார்ச் இறுதியில் சென்றால் தாமரைக்குப் பதில் கரையில் செர்ரிப் பூக்கள். வீட்டார் தேர்ந்தது மார்ச் மாதத்தையே. உவேனோ நிலையத்திலிருந்து சமதரையில் நடந்தே செல்லலாம் என்பது கூடுதல் வசதி.

அதே நகரில் அசாகுசா பகுதியில், பெருங்கூட்டம் மொய்க்கும் சென்சோஜி கோயிலிலிருந்து சிறிது தொலைவில், சுமிதா ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சிறு மேடு. அதன்மேல் மாட்சுச்சியாமா ஷோதென் கோயில். ஷோதென் என்பதும் கங்கிதென் என்பதும் ஆனைமுகனின் ஜப்பானியத் திருநாமங்கள். அன்பர்கள் இங்கே கொண்டுவந்து படைப்பது வெள்ளை முள்ளங்கி. கோயிலிலேயே விலைக்குக் கிடைக்கும். குடும்ப ஒற்றுமைக்கும் உடல்நலத்துக்கும் முள்ளங்கியும், செல்வச் செழிப்புக்குச் சுருக்குப் பையும் அடையாளங்கள். கோயிலின் படிகளிலும் சுவர்களிலும் இவ்விரண்டையும் காணலாம். ஆனால் மூலவரை எவரும் காண இயலாது. கங்கிதென் திருவுருவம் மறைவிலேயே வைத்துப் பூசிக்கப்படுவது அந்நாட்டு மரபு. திரைக்கு அப்பால் இருப்பதை வணங்கித் திரும்புவது தில்லையை அறிந்தவர்களுக்குப் புதிதன்று. படியேற இயலாதவர்களுக்காகச் சிறு தண்டவாள வண்டி ஒன்றும் அங்கே உண்டு. அதைப் படித்ததும் அம்மையார் இந்த இடத்தின் பெயரை இருமுறை அடிக்கோடிட்டார். கங்கிதெனுக்குரிய பலகாரம் ஒன்றும் கியோத்தோவில் விற்கிறது: மாவுக்குள் சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்து, பை போல முடிந்து, நல்லெண்ணெயில் பொரித்தது. மோதகத்தின் உறவினர் என்று சொல்லவும் வேண்டுமா?

கியோத்தோவில்தான் பட்டியல் நீள்கிறது. கத்தரிக்க மனமும் வராது. ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரண வாயில்களை அடிவாரத்தில் சிறிது தூரம் கண்டு திரும்பினால் போதும். 233 மீட்டர் உயர மலையின் உச்சிவரை ஏறுவது இளையோருக்கு விட வேண்டியது. ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் தோஜி ஆலயத்தை மட்டும் எவரும் விடக்கூடாது. சமதரை. அதன் விரிவுரை மண்டபத்தில் மகான் கூகாய் வகுத்த முறைப்படி 21 திருவுருவங்கள் அமைந்துள்ளன. ஒரு பக்கத்தில் நான்கு முகங்களுடன், அன்னங்கள் தாங்கும் தாமரைப் பீடத்தில் பிரம்மா. மறுபக்கத்தில் யானைமேல் இந்திரன். ஜப்பானியர் பொன்தென், தைஷாகுதென் என்பர். வாகனம் மாறவில்லை. நான்முகனுக்குக் கோயில்கள் அரிதாகிப்போன நாட்டிலிருந்து செல்பவர் அந்த அன்னங்களின்முன் சற்று நேரம் நின்றுவிடுவது இயல்பே. சஞ்சூசாங்கென்தோ என்ற, சுமார் 120 மீட்டர் நீளமுள்ள மண்டபத்தில் 1001 அவலோகிதேசுவரர் வடிவங்கள். முன்வரிசையில் காவல் தெய்வங்கள் 28. அவர்களுள் நாராயணர் உண்டு. புல்லாங்குழல் ஊதும் கருடன் உண்டு. காலணியைக் கழற்றிவிட்டு மரத்தளத்தில் நடக்க வேண்டும். குளிர்காலமானால் தடித்த காலுறை அவசியம்.

நாராவுக்கு ஒரு நாள் கட்டாயம் என்பதில் தந்தை உறுதியாக இருந்தார். தோதைஜி ஆலயத்தில் சுமார் 15 மீட்டர் உயரத்தில் வைரோசன புத்தர் அமர்ந்திருக்கிறார். 752ஆம் ஆண்டில் அத்திருவுருவத்துக்குக் கண்திறந்து வைத்தவர், தென்னகத்தவர் என்று கூறப்படும் போதிசேனர் என்ற துறவி. 736இல் அவர் ஜப்பான் அடைந்தார். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டப்பட்டு, கூடியிருந்தோர் அவற்றைப் பற்றிக்கொண்டு அப்புண்ணியத்தில் பங்கேற்றனர். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் உள்ளன. திருவுருவமும் மண்டபமும் தீயிலும் நிலநடுக்கத்திலும் பலமுறை சிதைந்து புதுப்பிக்கப்பட்டவை. தூரிகை மட்டும் அன்றையது.

இனி எஞ்சியது கோயாசான். இதில்தான் இருவருக்கும் கருத்து வேறுபட்டது.

கூகாய் 816இல் நிறுவிய மலைத்தலம் அது. 835இல் அவர் உடல் நீக்கவில்லை, நிலைத்த தியானத்தில் அமர்ந்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஜீவசமாதி என்றால் நமக்கு எளிதில் விளங்கும். ஒகுனோயின் என்ற அச்சமாதிக்கு நாள்தோறும் இருவேளை உணவு எடுத்துச் செல்லப்படுகிறது. இருமருங்கும் வானளாவிய தேவதாரு மரங்கள். அவற்றிடையே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். பல கற்கள் ஐந்து அடுக்கானவை: நிலம், நீர், தீ, காற்று, வெளி. ஒவ்வோர் அடுக்கிலும் அதற்குரிய வடமொழி பீஜ எழுத்து. முழு வழி 2 கிலோமீட்டர். ஒகுனோயின் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் ஏறத்தாழ பாதி தூரம் மிச்சம்.

உணவுக் கவலையும் அங்கே இல்லை. ஜப்பானிய உணவகங்களில் காய்கறிச் சாற்றிலும் உலர்ந்த மீனின் சாரம் கலந்திருப்பது வழக்கம். சைவர்களுக்கு அதுவே பெருந்தொல்லை. கோயாசான் மடங்களின் தங்கும் விடுதிகளில் மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு எதுவும் சேராத உணவு. சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பது. காளான் உண்ணாதவர்கள் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

"எல்லாம் சரிங்க. தரையில உட்கார்ந்து சாப்பிடணும், தரையில படுத்து எழுந்திருக்கணும். என் முழங்காலுக்கு முடியுமா?" என்றார் அம்மையார்.

தந்தை மறுமொழி கூறவில்லை. பென்சிலை எடுத்து, கோயாசானைத் தாமே அடிக்கப் போனார். அதை அம்மையார் தடுத்தார். இரவு மகனிடம் தொலைபேசியில் பேசினார்கள். இரண்டு நாள் கழித்து மகன் அழைத்தார்: "அம்மா, ஒரு மடத்துல கட்டில் போட்ட அறை இருக்கு. சாப்பிட நாற்காலி மேசையும் போடுவாங்களாம். காலைப் பூசை ஆறரைக்கு. உங்களால எழுந்திருக்க முடியுமா?"

"நான் நாலரைக்கே எழுந்துடுவேன்" என்றார் அம்மையார்.