வண்டி யார் பெயரில் இருக்கிறது?

எங்கள் உறுவையாற்றில் மாடு இல்லாத வீடு உண்டு. ஸ்கூட்டர் இல்லாத வீடு அபூர்வம்! வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போக, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, எல்லாவற்றுக்கும் அதுதான். ராசி என்று சொல்லிப் பல வீடுகளில் வண்டியைப் பெண்கள் பெயரில் வாங்குகிறார்கள். எங்கள் வீட்டு வண்டியும் என் பெயரில்தான்.

பெயர் என்னுடையது, சாவிக்கு மட்டும் ஊரே சொந்தம். கொழுந்தனார் மகனுக்கு வயது பதினேழு. "பெரியம்மா, சாவி குடுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்பான். அவன் அப்பாவோ சாயங்காலமானால் 'போட்டுக்கொண்டு' வந்து கேட்பார். புதுச்சேரியில் அதற்கா பஞ்சம்! இருவருக்கும் நான் சாவி கொடுப்பதில்லை. "இன்ஷ்யூரன்ஸ்தான் கட்டியிருக்கே அண்ணி, என்ன பயம்?" என்று ஒருநாள் கொழுந்தனார் கோபித்துக்கொண்டார். என் கணவர்கூட, "தம்பிதானே, குடுத்துடேன்" என்றார்.

இன்ஷ்யூரன்ஸ் இருந்தால் பயமில்லையா? பாலிசிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய், விவரம் தெரிந்த ஏஜெண்ட் ஒருவரிடம் துருவித் துருவிக் கேட்டேன்.

நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ், 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுதடவை 4,000. மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த பட்டியல்படி, 75 முதல் 150 சி.சி. வரை உள்ள இருசக்கர வண்டிக்கு வருடத்துக்கு 714 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு 3,416 ரூபாய்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நிதானமாக ஓட்டுகிறவருக்கும் குடித்துவிட்டு ஓட்டுகிறவருக்கும் அதே 714தான்! அமெரிக்காவில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவருக்குப் பிரீமியம் எக்கச்சக்கமாக ஏறிவிடும். இங்கே நம் சொந்த வண்டியின் சேதத்துக்கு எடுக்கும் பாலிசியில் மட்டும், நஷ்டஈடு கேட்காத வருடங்களுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை தள்ளுபடி கிடைக்கிறது.

ஆபத்தான கைக்கு முன்கூட்டி விலை இல்லை; பின்னால்தான் வருகிறது. லைசென்ஸ் இல்லாதவரோ குடித்தவரோ ஒருவரை மோதிவிட்டார் என்று வையுங்கள். அடிபட்டவர் தவிக்கக்கூடாது என்பதால், முதலில் கம்பெனி பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட்டுகள் உத்தரவிடுவதுண்டு. 2004இல் சுப்ரீம் கோர்ட்டே இந்த வழியைக் காட்டியிருக்கிறது. வண்டிக்காரர் யார்? ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருக்கிறவர். தெரிந்தே சாவி கொடுத்திருந்தால், லட்சக்கணக்கான ரூபாய் அந்த அம்மாள் தலையில்தான்!

என் ஸ்கூட்டர் 110 சி.சி. அதை ஓட்டப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019ஆம் வருடத் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பாலிசியோடு எடுக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் சொந்தக்காரருக்குத்தான். இரவல் வாங்கிப் போனவருக்கு இல்லை.

இதையெல்லாம் கேட்டபின் என் கணவர் வாயைத் திறக்கவில்லை. கொழுந்தனார் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், உயிரோடு இருக்கட்டும்!

சகோதரிகளே, உங்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கினால், 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டுகிறோம். ஆனால் சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்ந்த தள்ளுபடியும் போய்விடும். இரண்டு தேதிகளையும் அடுப்படிக் காலண்டரில் குறித்து வையுங்கள். சாவியை வாசல் ஆணியில் மாட்டாமல், அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாலும் தப்பில்லை!