ரெண்டு பேருக்கு ஒரு சைக்கிள்

மகாபொல காசைச் சேர்த்து சைக்கிள் வாங்கப் போனபோது எனக்குக் கியர் சைக்கிளில்தான் கண். அப்பாவும் கூட வந்தவர். சீனி வருத்தத்துக்கு "பின்னேரத்தில சைக்கிள் ஓடுங்கோ" எண்டு டொக்டர் அவருக்குச் சொல்லி ஆறு மாதம். 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் ஊரோடு சேர்ந்து அவரும் சைக்கிளில்தான் திரிந்தார். பெற்றோல் வந்ததும் விட்டிட்டார். இப்ப முழங்கால் நோவு, பாருக்கு மேலால் கால் போடேலாது.

யோசித்தேன். சுன்னாகத்திலிருந்து திருநெல்வேலி கம்பஸுக்குப் போகவர ஏறத்தாழ 14 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் கியர் மாத்த மேடு எங்க இருக்கு? எனக்குத் தேவை மழைக்கு மட்காட், புத்தகத்துக்குக் கரியர், ஒழுங்கைக் கிடங்குக்கும் தார் ரோட்டுக்கும் பொருந்துற நடுத்தர அகல டயர். பார் இல்லாத லேடீஸ் சைக்கிளைக் காட்டினேன்.

"சனம் சிரிக்கும் பிள்ளை."

"சிரிக்கிற சனமே அப்பா உங்களுக்கு மருந்து வாங்கித் தருது?"

மிதி கீழே நிற்கும்போது முழங்கால் கொஞ்சம் மடிந்திருந்தால் சீற் உயரம் சரி. அப்பா என்னைவிட உயரம். அதனால ஒவ்வொரு நாளும் விடிய சீற்றை இறக்கிப்போட்டுத்தான் கம்பஸுக்கு வெளிக்கிடுறன். அது ஏற்கனவே இறங்கி இருந்தால், அண்டைக்கு அவரோட சண்டை.