யான் ஓயாவுக்கு அப்பால்

குச்சவெளி தாண்டி வடக்கே போகிற பஸ்ஸில் வலப்பக்கம் இருந்தால் கடற்காற்று முகத்தில் அடிக்கும், உனக்குத் தெரியும்தானே. திரியாய் கழிந்தால் யான் ஓயா. இப்போது பாலத்தால் ஒரே ஓட்டம். அந்தக் காலத்தில் பாதை ஏறித்தான் அக்கரைப்பட வேண்டும். அது வரும்வரை கரையில் குந்தியிருந்து கச்சான் உடைப்போம். புல்மோட்டையில் இறங்கினால் விரலிடுக்கெல்லாம் கருமணல், இல்மனைட் அள்ளுகிற மணல். அங்கிருந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனால் தென்னமரவாடி. திருகோணமலை மாவட்டம் அந்த ஊரோடு சரி. அங்கால் முல்லைத்தீவு.

ஊரின் ஓரத்தில் கொக்கிளாய்க் களப்பு. மாரி வெள்ளம் முட்டினால் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழும். கோடையில் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். 1951இலேயே பறவைகள் சரணாலயம் ஆக்கிய இடம். எங்களுக்குப் பறவையைவிட இறால்தான் பெரிது. பெரியப்பா வீச்சுவலையை உதறும்போது வரும் சேற்று மணமும், அடுத்த வளவு மாட்டுப்பட்டியின் சாணி மணமும் சேர்ந்து வந்தால் பொழுது பட்டுவிட்டது என்று அர்த்தம்.

பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போகாதே என்பார்கள். யார் கேட்டது? மஞ்சள் மஞ்சளாய் உதிர்ந்து கிடக்கும். வாய் நிறையத் தின்றால் பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பெரியம்மா ஒன்றும் கேட்கமாட்டா. தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு, உதட்டை அழுத்தித் துடைத்துவிடுவா.

1984 டிசம்பரில் ஊருக்குள் சூடு விழுந்தது. ஆட்களைக் கொன்றார்கள், வீடுகளை எரித்தார்கள். மிஞ்சிய சனம் காட்டாலும் களப்பாலும் முல்லைத்தீவுப் பக்கம் போனது. பெரும்போகப் பயிர் அப்போது பச்சையாய் நின்றது. அதை அறுக்க ஒருவரும் இல்லை.

கால் நூற்றாண்டு அங்கே அடுப்பு எரியவில்லை. யுத்தம் முடிந்து சில குடும்பங்கள் திரும்பியபோது ஊர் எது, காடு எது என்று பிரிக்க முடியாது. பெரியப்பா வளவைக் கிணற்றுக்கட்டை வைத்துத்தான் பிடித்தோம். அடுக்களை இருந்த இடத்தில் நல்ல வயிரம் பாய்ந்த பாலை ஒன்று. அண்ணர் அதை வெட்ட விடவில்லை.

பெடியள் முல்லைத்தீவில் பிறந்தவர்கள். எந்த வரம்பு யாருடையது, வாய்க்கால் எங்கே திரும்பும் என்று தெரியாமல் நிற்கிறார்கள். உறுதி எரிந்த காணிகளுக்குக் கண்ட சாட்சி வேண்டும். உன் அப்பாவின் துண்டுக்கு மேற்கெல்லை எதுவென்று உனக்குத் தெரியும். ஒருக்கால் வந்து காட்டிவிட்டுப் போ.