வாசலில் நின்ற பறை

தியானப் பகுதி: 2 சாமுவேல் 6:12–23



சில ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில் அறுப்பின் பண்டிகை நெருங்கியது. கரிசல் அந்த ஆண்டு கைவிடவில்லை. உளுந்தும் கம்பும் காணிக்கையாக வரவிருந்தன. சபையின் முதியவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, காணிக்கைப் பவனிக்கு முன்னால நான் பறை அடிச்சுக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். கமிட்டியில் சிலர், "அது சாவு மேளம், ஆலயத்துக்கு ஆகாது" என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

இத்தனைக்கும் நான் மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பயின்றவன். பறட்டை அண்ணன் என்று அன்போடு அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு அங்கே பேராசிரியராக இருந்தார். 2005இல் மறைந்த அவர், கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் அறிந்திருந்தும், நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் தெரிந்துகொண்டு, ஆராதனை முறைமையையே கிராமிய இசையில் அமைத்தார். தீண்டாமையால் இழிவாக்கப்பட்ட பறை அவருக்கு விடுதலையின் குரல். ஒரே உலையில் பொங்கிய சோற்றைப் பகிர்ந்துண்பதில் திருவிருந்தின் பொருளைக் கண்டவர் அவர். அந்தப் பாடல்களைக் கைதட்டிப் பாடிய நான், கமிட்டி அறையில் வாய்மூடி இருந்தேன்.

நம் ஆராதனையில் கலப்பில்லாத இசை எது? பாமாலையின் மெட்டுகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஆர்கன் கப்பலேறி வந்தது. பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இராகங்களில் கிறிஸ்துவைப் பாடினார். அனைத்தையும் உள்ளே அழைத்தோம். நம் சொந்தத் தெருவின் தாளத்தை மட்டும் வாசலில் நிறுத்தினோம். கியூபாவிலும், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் தாளங்கள் ஒருகாலத்தில் இழிவாக எண்ணப்பட்டன. 1969இல் ஹுவான் ஃபோர்மெல் தொடங்கிய லோஸ் வான் வான் குழு, அத்தாளங்களோடு வயலினையும் புல்லாங்குழலையும் மின்கித்தாரையும் சேர்த்து இசைத்தது. அத்தீவின் மக்கள் மகிழ்ந்து ஆடினார்கள்.

தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாக ஆடியதைக் கண்ட மீகாள் அவனை இகழ்ந்தாள். வேலைக்காரப் பெண்களின் கண்முன்னே ஓர் அரசன் இப்படி ஆடலாமா என்பதே அவள் குறை. அவள் வெறுத்தது இசையை அன்று; எளியவர்களோடு தன் கணவன் ஒன்றாகிப்போனதை. எங்கள் கமிட்டியின் தடையும் தோலின்மேல் அல்ல, அதை அடித்த கைகளின்மேல்.

அடுத்த பண்டிகைக்கு முன்பே அந்த முதியவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கத்தன்று அவருடைய உறவினர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். சாவுக்கு மட்டுமே ஆகும் என்று நாங்கள் ஒதுக்கிய பறை, அவருடைய சாவுக்கே முழங்கியது. அங்கி அணிந்து அதன் பின்னால் நடந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இனி வழியில்லை.

அந்த ஆண்டு பவனியின் முன்னால் அவருடைய பேரன் பறையோடு நடந்தான். இரண்டு குடும்பங்கள் வரவில்லை. அவர்கள் வீட்டுக்கும் போனேன். ஒரு குடும்பம் திரும்பி வந்தது.

பிரியமானவர்களே, "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று நாம் அனுப்பிவிட்டவர்கள் யார்? அவர்கள் உயிரோடிருக்கும்போதே, இந்த வாரம் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் வாசலில் நிறுத்தியவர்களோடு நீரும் வெளியே நின்றீர் என்பதை உணர எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.